287-ஆம் இதழை யாரும் வாங்கக் கூடாது

விலை ஏறிய செய்தி வந்தபோது பல்லு ஒரு கீழ்த்தாடை அச்சில் மெழுகு பரப்பிப் பற்களை நட்டுக்கொண்டிருந்தார். பல் மருத்துவமனையின் பின்பக்கம், பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. மூன்று சுவரிலும் பலகைகள். பலகைகள் நிறையப் பெயர்ச்சீட்டு ஒட்டிய பிளாஸ்டர் தாடைகள், வாயைத் திறந்தபடி. ஜன்னலோரம் உராய்வு இயந்திரம். எத்தனை குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாத பிசின் வாடை. அங்கே உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர்களுக்குப் பல் செட் செய்கிறார். நண்பர்கள் வைத்த பெயர் அதிலிருந்து வந்தது.

செய்தி, ‘திசைமானி’ காமிக்ஸின் ஆசிரியர் அனுப்பியது. தாள் விலை, அச்சுக்கூலி, படைப்பாளிகளுக்குக் கட்டவேண்டிய உரிமைத் தொகை என்று மூன்று பத்தி அழுதுவிட்டு நான்காவது பத்தியில் விஷயத்துக்கு வந்திருந்தார். 287-ஆம் இதழ் முதல் கெட்டி அட்டை, வழவழப்பான தாள், ஒவ்வொரு பிரதிக்கும் ஒட்டி மூடிய பிளாஸ்டிக் உறை. விலை 275 மட்டுமே.

போன இதழ் நூற்றைம்பது. போன வருஷம் நூறு. விலையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த ‘மட்டுமே’யைப் பொறுக்க முடியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா அந்தத் தாடையைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“என்ன இது, கோரைப்பல்லக் கொண்டுவந்து நட்டநடுவுல வச்சிருக்கீங்க? இந்த மனுஷன் சாப்பிடணுமா, இல்ல யாரையாவது கடிக்கணுமா?”

“குடுங்க, மாத்திடறேன்.”

“வீட்டுல ஏதாவது பிரச்சனையா?”

“கெட்டி அட்டையாம்” என்றார் பல்லு. “யாரு கேட்டா கெட்டி அட்டை?”

டாக்டரம்மா தாடையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அந்த ஊரிலேயே ஏழெட்டுப் பேர்தான்.

பல்லு முதல் இதழை வாங்கியது பதினொரு வயதில். விலை இரண்டு. சயின்ஸ் நோட்டுக்குக் கொடுத்த காசு அது. அந்த வருஷம் முழுக்கச் சயின்ஸைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதினார். திசைமானி ஒழுங்காக வருகிற பத்திரிகை அல்ல. ஒரு வருஷம் பத்து இதழ் வரும், ஒரு வருஷம் ஒன்றுகூட வராது. வந்த இருநூற்று எண்பத்தாறையும் வாங்கியிருந்தார். ஒன்று விட்டதில்லை. படுக்கையறை பீரோவில் கீழ் இரண்டு தட்டு அவற்றுக்கு.

“என் துணி நாற்காலி மேல கிடக்கு. உங்க ஆளு பீரோவுல கால நீட்டிப் படுத்திருக்கான்” என்பாள் அவர் மனைவி. துணிக்கடையில் பில் போடுகிறவள். ‘உங்க ஆளு’ என்பது திசைமானியின் நாயகன், வரைபடக்காரன். யாரும் போகாத தேசங்களுக்குப் போய் வரைபடம் தயாரிப்பவன். 286-ஆம் இதழின் கடைசிக் கட்டத்தில் அவன் ஓர் ஊரின் வாசலில் நிற்கிறான். ஒரு மன்னனை ஏமாற்றுவதற்காக அவனே கற்பனையாக வரைந்து வைத்த ஊர் அது. இல்லாத ஊர். அதன் கோட்டைக் கதவு உள்ளேயிருந்து திறக்கிறது. கீழே பொடி எழுத்தில் ‘தொடரும்’.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் புத்தகக் கடை வாசலில் கூடினார்கள். கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம். முன்னால் செய்தித்தாளும் பேனாவும், உள்ளே ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், அதற்குப் பின்னால் காமிக்ஸ். வீடு வீடாகப் போய் மின்சாரக் கணக்கு எடுக்கிற மீட்டர் வந்திருந்தார். பள்ளியில் வரலாறு எடுக்கிற வாத்தியார் வந்திருந்தார். கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிற பார்சல், யூனிபாரத்தோடு வந்திருந்தார். நாலு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

“இதென்ன பிஸ்கட்டா, ஒட்டி மூடித் தர்றதுக்கு?” என்றார் மீட்டர்.

“போன ஸ்பெஷல் இதழு இந்த வழவழ தாள்லதான வந்துச்சு. லைட்டு போட்டா என் மூஞ்சிதான் தெரியுது. பாக்கற மாதிரியா இருக்கு?” என்றார் பார்சல்.

“உன் மூஞ்சிக்கு எந்தத் தாளா இருந்தா என்ன?”

வாத்தியார் சிரிக்கவில்லை. “நான் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதலாம்னு இருக்கேன்” என்றார்.

“நீங்க போன தடவையும் எழுதினீங்க வாத்தியாரே. அதையே அடுத்த இதழ்ல போட்டு, ‘வாசகரின் அன்புக் கோபம்’னு தலைப்பு வச்சாரு” என்றார் பல்லு. “முப்பத்தஞ்சு வருஷமா இதேதான். விலை ஏறும், திட்டுவோம், வாங்கிட்டு வீட்டுக்குப் போவோம். நம்ம வாயப் பத்தி அந்தாளுக்கு நல்லாத் தெரியும். இந்தத் தடவ வாங்காம இருப்போம். ஒரே ஒரு இதழு. 287-ஐ யாருமே வாங்கக் கூடாது.”

கடைக்காரர் ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

“ஏங்க, ஆசிரியர் மேல கோவம்னா என் வயித்துல ஏன் அடிக்கறீங்க?” என்றார் கடைக்காரர்.

“நடுவுல ஒண்ணு விட்டா வரிசை அறுந்துடுமே” என்றார் வாத்தியார். குரல் இறங்கியிருந்தது.

“ஒருத்தனுக்கு அறுந்தாதான் அறுந்தது. எல்லாருக்கும் சேர்ந்து அறுந்தா அது அறுந்ததாவே ஆகாது. நம்ம எல்லார் பீரோவுலயும் 286-க்கு அப்புறம் 288 இருக்கும். பாக்கறவன் கேப்பான். சொல்லுவோம். அதுதான்யா பெருமை.” பல்லுவுக்குத் தன் பேச்சே பிடித்துப்போயிற்று. “இதுல ஒருத்தன் வாங்கினாலும் துரோகிதான். இப்பவே சொல்லிட்டேன்.”

திசைமானி அச்சாவது எழுநூறு பிரதி. ஆசிரியர் இல்லாத வாசகர் குழு ஒன்று போனில் இருந்தது. அதில் அறுபத்து நான்கு பேர். அறுபத்து நான்கு பேர் விலகினால் எழுநூறில் உறைக்கும். அறிக்கையை வாத்தியாரே எழுதினார். ‘காகிதத்தின் பளபளப்பில் எங்கள் கண்ணைக் கட்ட முடியாது’ என்று தொடங்கியது. இரவுக்குள் அறுபத்தொரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மூன்று பேர் வெளிநாட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்களா வாங்காம இருக்கப் போறீங்க?” என்றாள் மனைவி. “கடைக்காரர் வர்றதுக்கு முன்னாடி போய் ஷட்டரத் தூக்கிவிடற ஆளு நீங்க.”

“பாரு.”

“பாக்கத்தானே போறேன்.”

இதழ் வெளியான அன்று பல்லு வேலைக்கு வேறு வழியில் போனார். பஸ் பணிமனையைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. பத்து நிமிஷம் கூடுதல். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அச்சுக்குப் பிளாஸ்டர் கலக்கும்போது கோட்டைக் கதவு ஞாபகம் வந்தது. யார் திறந்திருப்பார்கள்? இல்லாத ஊரில் யார் இருக்க முடியும்? பிளாஸ்டர் கிண்ணத்திலேயே இறுகிப்போயிற்று. சுத்தியால் உடைத்து எடுத்தார்.

நான்காம் நாள் மதியம் ஆசிரியரின் செய்தி. ‘அன்பு உள்ளங்களே! 287-ஆம் இதழ் மூன்றரை நாளில் முற்றாக விற்றுத் தீர்ந்தது. நம் வரலாற்றில் இதுவே முதல் முறை. மறுபதிப்பு இல்லை.’

பல்லு சிரித்தார். புளுகுகிறார், பயந்துவிட்டார் என்று நினைத்தார். சாயங்காலம் பழைய வழியிலேயே நடந்து கடைக்குப் போனார்.

“எத்தனை அண்ணே தேங்கிக் கிடக்கு?”

“எது?”

“287.”

“சுத்துப்பட்டு ஊருக்கும் சேத்து நாப்பது வந்துச்சு. நாப்பதும் போச்சு” என்றார் கடைக்காரர்.

“யாரு வாங்கினா?”

“யாரு வாங்கலன்னு கேளுங்க, சட்டுனு சொல்லிடறேன். நீங்க ஒருத்தர்தான்.”

பல்லு ஜெராக்ஸ் இயந்திரத்தின்மேல் கையை ஊன்றினார். அது சூடாக இருந்தது.

“வாத்தியார் முதல் நாளே வந்தாரு. மூஞ்சிய மறைச்சுக் குடை பிடிச்சுட்டு. வெளிய வெயில் கூட இல்ல. மீட்டர் ஹெல்மெட்டக் கழட்டாமலே நின்னு ரெண்டு குடுன்னாரு. ஹெல்மெட்டு போட்டா எனக்கு ஆள் தெரியாதா?”

“பார்சல்?”

“அவரு வரல. அவரு இனிமே வாங்கறதில்லையாம். யாராச்சும் பக்கம் பக்கமா போட்டோ புடிச்சுப் போடுவாங்க, போன்லயே பாத்துக்கறேன்னுட்டாரு. அது போராட்டம் இல்ல, அவரு அந்தக் கணக்குல வரமாட்டாரு.”

“எனக்குன்னு எப்பவும் ஒண்ணு எடுத்து வைப்பீங்களே அண்ணே.”

“வச்சேன். மூணு நாள் வச்சேன். யாரோ வெளியூர்க்காரர் வந்து கெஞ்சினாரு, குடுத்துட்டேன். வாங்கினவன் துரோகின்னு இங்கதான நின்னு கத்துனீங்க? நானே கூப்பிட்டு உங்கள துரோகியாக்கணுமா?”

வாத்தியார் வீடு இரண்டு தெரு தள்ளி, முதல் மாடி. கதவைத் திறந்ததும் வாத்தியார் பல்லுவின் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் அலமாரியைப் பார்த்தார். பல்லுவும் பார்த்தார். மேல்தட்டில் உறைக்குள் மின்னிக்கொண்டு நின்றது 287.

“வாங்கினேன்” என்றார் வாத்தியார். “ஆனா பிரிக்கல.”

“அதனால?”

“அதான் என் எதிர்ப்பு.”

பல்லு உட்கார்ந்தார். “வாத்தியாரே, காசு குடுத்தீங்களா இல்லையா?”

“குடுத்தேன்.”

“அது அந்தாளு கைக்குப் போச்சா இல்லையா?”

“போயிருக்கும்.”

“அப்புறம் நீங்க பிரிச்சா அவருக்கென்ன, பிரிக்காட்டி அவருக்கென்ன? அவரு வீட்டுக்கு வந்து பாக்கறாரா?”

“எனக்குக் கஷ்டமா இல்லையா? அந்தக் கதவத் தொறந்தது யாருன்னு தெரியாம நாலு நாளா தவிக்கறேன். நேத்து ஒன்பதாம் வகுப்புல ஒரு ராஜாவ அவரு சாகறதுக்கு இருபது வருஷம் முன்னாடியே சாகடிச்சுட்டேன். பசங்க யாரும் கவனிக்கல.”

“அறிக்கைய எழுதினதே நீங்கதான்.”

“எழுதினேன். மனசாரத்தான் எழுதினேன்.” வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அறுபது பேரு வாங்கமாட்டாங்க, நடுவுல நான் ஒரு ஆளு ஒண்ணே ஒண்ணு வாங்கினா என்ன ஆகிடப் போகுதுன்னு நினைச்சேன். அறுபது பேரும் அப்படி நினைப்பாங்கன்னு நான் எப்படி நினைக்க முடியும்?”

பல்லுவின் கோபம் எங்கும் போய் இறங்க இடமில்லாமல் நெஞ்சிலேயே நின்றது.

“சரி, குடுங்க. இங்கயே உக்காந்து படிச்சுட்டுப் போறேன்.”

வாத்தியார் அசையவில்லை. “பிரிக்கணுமே” என்றார்.

“பிரிச்சாதான படிக்க முடியும்.”

“பிரிக்காத காப்பிக்கு இப்பவே எண்ணூறு கேக்கறாங்கப்பா. ரெண்டு மூணு வருஷம் போனா எவ்வளவு ஆகும்னு யாரு கண்டா. இந்த விலைக்கு வாங்கறப்போ பின்னாடி ஏதாவது திரும்பி வரும்னு சொல்லித்தான் வீட்டுல வாய அடைச்சேன். பிரிச்சுட்டா அது வெறும் புஸ்தகம்.”

“வெறும் புஸ்தகம்” என்றார் பல்லு. “91-ஆவது இதழு ஊருக்கே ஒரு காப்பிதான் வந்துச்சு, நான்தான் வாங்கினேன், ஞாபகம் இருக்கா? கம்பியக் கழட்டி மூணு பாகமாப் பிரிச்சோம். நீங்க கடைசிப் பாகத்த முதல்ல படிச்சுட்டு, எவன் செத்தான்னு சொல்லாம இருக்க வாயில கைக்குட்டைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க.”

வாத்தியார் எழுந்து உள்ளே போய் ஒரு பிளேடு கொண்டுவந்தார். உறையின் ஓரத்தில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். “நீ பண்றியா?” என்றார். தினமும் மெழுகு சீவுகிற கை. பல்லு ஒரே கோடாகக் கீறினார்.

இருவரும் கட்டில் விளிம்பில் ஒட்டி உட்கார்ந்து படித்தார்கள். தாளில் ட்யூப் லைட் பளிச்சென்று அடித்ததால் ஒவ்வொரு பக்கத்தையும் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கவேண்டியிருந்தது. கதவைத் திறந்தது ஒரு பெண். அவளும் வரைபடம் தயாரிப்பவள். அவள் கையிலிருந்த வரைபடத்தில் அந்த ஊர் இருந்தது, வரைபடக்காரனின் சொந்த ஊர் மட்டும் அதில் இல்லை. வாத்தியார் “அடப்பாவி” என்றார். பல்லு அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் வைத்திருந்தார். நல்ல கதை. பல வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒன்று. அது வேறு அவருக்கு எரிச்சலாக இருந்தது.

முடிந்தது. வாத்தியார் புத்தகத்துக்காகக் கையை நீட்டினார். பல்லு கொடுத்தார். வாத்தியார் இழுத்தார், வரவில்லை.

“விடுப்பா.”

“ஆங்” என்றார் பல்லு. பிறகுதான் விரல்களை எடுத்தார்.

கதை தெரிந்துவிட்டது. நாலு நாளாக அரித்துக்கொண்டிருந்த கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. படிப்பதற்காகத்தான் வாங்குகிறேன் என்று இத்தனை வருஷமாக மனைவியிடமும் டாக்டரம்மாவிடமும் சொல்லிவந்த மனுஷன் இப்போது நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போனார், ஆனால் நிம்மதி இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி, “பீரோவுல தேடிப் பாத்துட்டேன், நீங்க நிஜமாவே வாங்கல” என்று ஆச்சரியத்தோடு சொன்னாள். பாராட்டுத்தான். திட்டு வாங்கியவர் மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், மீட்டர் வீட்டுக்குப் போனார். சட்டைப்பையில் ஆயிரம் இருந்தது. ஒரு மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேர்த்து முழு செட் செய்தால் அவருக்கு நிற்கிற கூலி அது. நாலு வருஷமாக ஏறாத கூலி.

மீட்டர் வாசலிலேயே நின்றார். இந்த முறை தலையில் ஹெல்மெட் இல்லை.

“திட்டறதுன்னா திட்டிடு. உள்ள வந்து திட்டாத. என் பொண்டாட்டிக்கு ரெண்டு வாங்கினது தெரியாது.”

“திட்ட வரல. ஒண்ணு குடு. எண்ணூறுதான?”

மீட்டர் காதைச் சொறிந்தார். “நேத்து வரைக்கும் எண்ணூறு.”

“இன்னிக்கு?”

“வாத்தியார் பிரிச்சுட்டாராமே. பிரிக்காத காப்பியில ஒண்ணு குறைஞ்சுதான போச்சு. குழுவுல ஆயிரம்னு பேச்சு ஓடுது.”

பல்லு மீட்டரையே வெறித்தார். அந்த உறையைக் கீறிய கை அவருடைய கை.

“என்ன அப்படிப் பாக்காத” என்றார் மீட்டர். “நான் ஒண்ணும் வியாபாரி இல்ல. ரெண்டு வாங்கி ஒண்ண வித்தாதான் எனக்கு ஒண்ணு கட்டுப்படி ஆகுது. இல்லன்னா நூத்தம்பதோடயே நான் நின்னிருக்கணும். நின்னா நீங்கல்லாம் ஞாயித்துக்கிழமை பேசறப்போ நான் என்ன பண்றது, ஜெராக்ஸ் மிஷினப் பாத்துட்டு நிக்கறதா?”

“நான்தான்டா இப்ப அப்படி நிக்கறேன்.”

“உன்ன யாரு நிஜமா வாங்காம இருக்கச் சொன்னா?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். பல்லு பணத்தை எடுத்துக் கொடுத்தார். மீட்டர் ஒரு நூறைத் திருப்பி அவர் பையில் செருகினார். “உனக்குத் தொள்ளாயிரம். வெளிய சொல்லிடாத, விலை எறங்கிடும்.” உள்ளே போய், துவைக்கிற துணிக்கு அடியிலிருந்து எடுத்ததுபோல் ஈரவாடையோடு ஒரு பிரதியைக் கொண்டுவந்தார்.

“இங்கயே பிரிச்சுப் பாத்துக்க. உள்ள பக்கம் கிழிஞ்சிருந்தா நான் பொறுப்பில்ல.”

“வேணாம். படிச்சாச்சு.”

“அப்புறம் எதுக்கு?” என்றார் மீட்டர்.

பல்லு புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

தெருமுனையில் போன் அதிர்ந்தது. ஆசிரியர். ‘உங்கள் பேராதரவு தந்த தைரியத்தில் 288-ஆம் இதழ் இன்னும் சிறப்பாக. தங்க எழுத்து பதித்த அட்டை. விலை 325 மட்டுமே. இனி முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அச்சாகும். பெயரையும் பிரதிகளின் எண்ணிக்கையையும் சனிக்கிழமைக்குள் அனுப்பவும்.’ அதற்குக் கீழேயே வாசகர் குழுவில் யாரோ எழுதியிருந்தார்: ‘இது பகல் கொள்ளை. இந்தத் தடவையாவது எல்லாரும் ஒற்றுமையாக நிற்போம்.’ அதற்குள் பதினேழு கட்டைவிரல்கள்.

பல்லு ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தார். சட்டைக்குள் பிளாஸ்டிக் உறை வியர்வையில் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு உறுத்தியது. முதலில் குழுவுக்குப் போய்ப் பதினெட்டாவது கட்டைவிரலை வைத்தார். பிறகு ஆசிரியரின் செய்தியைத் திறந்து தன் பெயரை அடித்தார். பெயருக்கு நேரே 1 என்று போட்டார். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை தலையைத் தூக்கினார்.

அதை அழித்துவிட்டு 2 என்று போட்டு அனுப்பினார்.